பின்னால் பெய்த மழை

ஒன்றரை வயதில் என் மகள், யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். காது கேட்கவில்லையோ என்ற பயத்தைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் பழைய ஹோம் தியேட்டரை மாற்ற தி.நகரில் ஒரு கடைக்குப் போனோம். ரிசீவர் பெட்டியைத் தேர்ந்தெடுத்த பிறகு, ஸ்பீக்கர்களைக் கேட்டுப் பார்க்கச் சொல்லி, விற்பனையாளர் எங்களுக்குப் பின்னால் இருந்தவற்றில் மட்டும் மழைச் சத்தத்தை மெதுவாக வைத்தார். என் மடியிலிருந்தவள் சட்டென்று திரும்பி மழையைத் தேடினாள்.

“பாட்டு கேட்க வந்த இடத்துல ஏன் அழற?” என்றார் கணவர்.

“இந்த ஸ்பீக்கரையே வாங்கிடலாங்க.”

“இன்னும் ரெண்டு செட் இருக்கு மேடம், அதையும் கேளுங்க,” என்றார் விற்பனையாளர்.

“வேணாம். இவளுக்குக் கேட்டுடுச்சு.”

பிறகு பரிசோதித்த டாக்டரும் குறையில்லை என்றார். இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள். டாக்டர் சொன்ன பிறகும் கேட்கிறதா, கேட்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருந்ததில், அவளுடைய மழலையை நான் உட்கார்ந்து கேட்கவே இல்லை.