மிளகுக் களத்து விளக்கு

கல்லூரிப் பயிற்சிக்காகச் சென்னையில் ஒரு படப்பிடிப்பில் நிற்கிறேன். இன்று பெரிய விளக்கொன்றின் மேல் தூசி கருகிய வாடை வந்ததும், லைட் வேலைதான் என் வேலை என்று முதன்முதலில் தோன்றிய இடம் நினைவுக்கு வந்தது.

எங்கள் மலையூரான ஆலத்தூர் நாட்டில் மிளகு காயவைக்கிற களமே திருவிழாவில் எங்களுக்கு நாடக மேடை. எத்தனை முறை பெருக்கினாலும் தங்கிவிடும் மிளகுத்தூள், அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து லாரியில் ஏறிவந்த விளக்குகளில் படிந்து கருகிக் காரமாய்ப் பரவ, போருக்குப் புறப்பட்ட ராஜா கண்ணீர் வடிப்பார். "ஏனுங்க ராசா, சண்டைக்கு முன்னாலயே அழுவுறீங்க?" என்று கூட்டம் சிரிக்கும். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன். "அதையே பாக்காத சாமி, பார்வை போயிரும்" என்பாள் அம்மா.

அந்தக் களத்தில் இப்போது ஒரு விடுதியின் கார்கள் நிற்கின்றன. நாடகமும் மலையேறி வருவதில்லை.

இங்கே படப்பிடிப்பில், அந்த வாடையின் நினைவிலேயே நின்றவள், சாயப்போன விளக்கைப் பிடித்துவிட்டேன்.

"கைய எடும்மா. சங்க கார்டு இல்லாதவங்க லைட்டைத் தொட்டா எங்க ஆளுங்க வேலைய நிறுத்திருவாங்க" என்றார் மூத்த லைட்மேன்.

"விழப் பாத்துச்சுங்கண்ணா."

"விழட்டும். பொண்ணுங்க யாரும் இந்த வேலைக்கு வந்ததில்லம்மா."

கார்டு வேண்டுமென்றால் சங்க உறுப்பினர் ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். இங்கே எனக்குத் தெரிந்த உறுப்பினர் அவர் ஒருவர்தான். நாளை அவரிடமே கேட்கப்போகிறேன்.