டெல்மரின் ஒன்றேகால் அங்குலம்

டெல்மர் ஹன்லிக்குக் கல்யாணத்தில் கிடைத்தது ஒரு மனைவியும் பாதிக் காரும். மற்றப் பாதி மனைவி வெர்லீனுடையது. இரண்டு பாதியில் அதுதான் பெரியது.

அறுபத்தொன்பதாம் வருஷத்து கேமரோ, கரும்பச்சை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்த காசில் கல்யாணத்துக்கு முந்தியே வெர்லீன் தன் பெயரில் வாங்கியது. கென்டக்கி மலைப்பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை இப்படி உறுமுகிற வண்டியை வாங்கினாளே என்று ஸ்டோனி கிரீக் சபையில் இரண்டு வருஷம் பேசினார்கள். கவுண்டி நிர்வாகத்தின் ரோடு போடும் வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்த டெல்மர், அந்த உறுமலைக் கேட்டுத்தான் பெண் கேட்கவே போனார் என்று சிநேகிதர் ராய்ஸ் இன்றைக்கும் சொல்வார். டெல்மர் மறுப்பதில்லை. பொய் சொல்லக்கூடாது என்பதில் அவர் கண்டிப்பான ஆள்.

கல்யாணமான வாரமே வெர்லீன் எல்லை வகுத்துவிட்டார்.

"இங்க பாரு டெல்மர். பானெட்டுக்குக் கீழே உன்னோடது. என்ன வேணா பண்ணிக்கோ. மேலே தெரியறதெல்லாம் என்னோடது. மேலே ஒரு கீறல் விழுந்தாலும், கீழேயும் என்னோடதாயிடும். அப்புறம் நீ கையே வைக்கக்கூடாது."

முப்பத்தொரு வருஷம் அந்த எல்லையை டெல்மர் மீறவில்லை. கீழே எதைத்தான் மாற்றவில்லை! ஆனால் மேலே பானெட்டைத் தொடும்போது கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். வெர்லீன் அதற்கு மாதம் ஒருமுறை மெழுகு போட்டுத் தேய்ப்பார். தலை வாருகிறவர்கள் அதில் முகம் பார்க்கலாம்.

டெல்மருக்கு இருந்த ஒரே ஆசை உயரமான இன்டேக் மேனிஃபோல்டு. கார்புரேட்டருக்கு அடியில் உட்கார்ந்து, காற்றையும் பெட்ரோலையும் எட்டு சிலிண்டருக்கும் பங்கு வைக்கிற அலுமினியக் கூடு அது. கூடு உயர்ந்தால் எஞ்சினுக்கு நன்றாக மூச்சு வரும். ஆனால் கூடு உயர்ந்தால் கார்புரேட்டர் உயரும், அதன் தலையில் தூசி வடிகட்டுகிற ஏர் கிளீனர் உயரும், அதற்கும் மேலே இருப்பது வெர்லீனின் பானெட். ஆசைப்பட்ட கூடு பழையதைவிடச் சரியாக ஒரு அங்குலம் உயரம்.

இடம் இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழி உண்டு. ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை வைத்து, பானெட்டை மூடித் திறப்பார்கள். நசுங்கின களிமண்ணின் தடிமன்தான் இருக்கிற இடம். களிமண்ணை எப்போதும் சபையின் ஞாயிறு பள்ளி அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் புதன்கிழமை டெல்மர் போய்ப் பார்த்தபோது களிமண் முழுவதும், பிள்ளைகள் கைவண்ணத்தில், பிரளயத்துப் பேழைக்குப் போகிற மிருகங்களாக ஜன்னலோரம் காய்ந்துகொண்டிருந்தது. யானையைக் கையில் எடுத்தார். யானை அவரைப் பார்த்தது. திருப்பி ஒட்டகத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில், அன்று சாயங்காலம் அங்கேயே நடக்கவிருந்த ஜெபக்கூட்டத்துச் சாப்பாட்டுக்காக வெர்லீன் பன் மாவு பிசைந்து வைத்திருந்தார். மாவு களிமண்ணைவிட மிருதுவாக இருந்தது. டெல்மர் ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். ஏர் கிளீனரில் வைத்தார், பானெட்டை மெல்ல மூடினார், திறந்தார். மாவு அழகாகத் தட்டையாகியிருந்தது. அளவுகோலை எடுக்கிற நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"டெல்மர்! பாஸ்டர் ஆரம்பிச்சிடுவார். வா!"

கர்த்தருடைய காரியம் முதலில் என்று பானெட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். ஆகஸ்டு மாதம். தகரக் கூரை ஷெட். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது, மழைக்காக மட்டும் ஐந்து பேர் ஜெபித்தார்கள். திரும்பி வந்து அளந்தார். ஒன்றேகால் அங்குலம்!

"ஸ்தோத்திரம்," என்றார் டெல்மர். ஒரு அங்குலம் போகக் கால் அங்குலம் மிச்சம். மாவை வழித்துப் பறவைகளுக்குப் போட்டார்.

வியாழக்கிழமை பழைய மேனிஃபோல்டைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கவுண்டியில் நடந்த பழைய சாமான் சந்தைக்கு எடுத்துப் போய், ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒருவரிடம் அதையும் ஒரு சங்கிலிக் கப்பியையும் கொடுத்து உயரமானதை வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை காலையில் பொருத்தினார். எஞ்சின் முதல் சாவியிலேயே எழுந்தது. எழுந்த விதத்தைப் பார்த்து ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு பானெட்டை மூடினார்கள். பானெட் முழுக்க இறங்கவில்லை. முன்பக்கம் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் அமுக்கு," என்றார் ராய்ஸ்.

"அமுக்கினா மேலே புடைக்கும்டா! கையை எடு!"

மறுநாள் சபையின் கூடுகை ஞாயிறு, வெளியூர் போன பழைய ஆட்களெல்லாம் திரும்பி வந்து கூடுகிற நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் வெர்லீன் கேமரோவை எடுத்துக்கொண்டு ஆராதனைக்குப் போவார். வெளியூரிலிருந்து வருகிற பாதிப் பேர் அந்த வண்டியைப் பார்க்கத்தான் சீக்கிரம் வருவார்கள் என்பது அவருடைய எண்ணம்.

"அப்போ பழசையே திரும்ப மாட்டிடு," என்றார் ராய்ஸ்.

"அது ஜார்ஜியா போயிடுச்சு."

"குட்டையான ஏர் கிளீனர்?"

"தபால்ல வர பத்து நாள் ஆகும்."

"அப்போ ஏர் கிளீனரே வேணாம். கழற்றிட்டுப் போகட்டும். ஒரு நாள்தானே?"

"மழை பெய்து ஆறு வாரம் ஆச்சு. சபைக்குப் போற நாலு மைலும் கப்பி ரோடு. உன் வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு லாரிக்குப் பின்னால ஓடிப் பாரு, தெரியும்."

ராய்ஸ் தன் வண்டிக்குப் போய்த் தகரம் அறுக்கிற ரம்பமும் ஒரு சாக்பீஸும் கொண்டுவந்தார். பானெட்டின் நடுவில் வட்டமாகக் கோடு போட்டார்.

"வட்டமா வெட்டி மேலே ஒரு காற்றுக் கூண்டு வெச்சிடலாம். ரேஸ் வண்டி மாதிரி இருக்கும். வெர்லீனுக்குப் பிடிச்சாலும் பிடிக்கும்."

"உனக்கு எத்தனை பொண்டாட்டிடா இதுவரைக்கும்?"

"மூணு."

"அதான்."

இருந்தாலும் டெல்மர் ரம்பத்தைக் கையில் வாங்கினார். அந்தச் சாக்பீஸ் வட்டத்துக்குள் தன் முகம் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டினால் எஞ்சின் போச்சு. வெட்டாவிட்டால் கூடுகை ஞாயிறு போச்சு, அப்போதும் எஞ்சின் போச்சு. அந்த நேரம் பார்த்து, ஐஸ் போட்ட டீ ஜாடியோடு வெர்லீன் ஷெட்டுக்குள் வந்தார்.

ராய்ஸ் சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கையில என்ன டெல்மர்?"

"ரம்பம்."

"எதுக்கு?"

மறைக்கத் தெரியாத மனுஷர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு அங்குலம், ஒன்றேகால் அங்குலம், கால் அங்குலம் மிச்சம், ஜார்ஜியா. "அளந்துதான் பார்த்தேன் வெர்லீன். சத்தியமா அளந்தேன்."

"களிமண்ணெல்லாம் பேழைக்குப் போயிடுச்சே. எதை வெச்சு அளந்தே?"

"உன் பன் மாவை வெச்சு."

"எப்போ?"

"புதன்கிழமை. கூட்டத்துக்கு முன்னால வெச்சேன், கூட்டம் முடிஞ்சு வந்து அளந்தேன்."

வெர்லீன் டீ ஜாடியை மெல்லக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த வாளியில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டெல்மர் பதறிப்போனார். அழவில்லை.

"முப்பத்தொரு வருஷமா என் பன்னைத் தின்றே. அது உப்பும்னு உனக்குத் தெரியாதா?"

டெல்மர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ராய்ஸ் டீயை ஜாடியோடு தூக்கிக் குடித்தார், சிரிப்பு வெளியே வராமல் இருக்க.

"அன்னைக்குப் பந்தியில ஒரு பன் குறைஞ்சுது," என்றார் வெர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் பாவம் பாஸ்டரைச் சந்தேகப்பட்டேன். கர்த்தர் மன்னிக்கணும்."

அப்புறம் எழுந்து பானெட்டைச் சுற்றி வந்தார். புடவைக்கடையில் துணி பார்க்கிறவர்கள் மாதிரி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் சாக்பீஸ் வட்டத்தைத் துடைத்தார். கீறல் இல்லை.

"இது எத்தனை போல்ட்டுல நிக்குது?"

"நாலு. ஏன்?"

"கழற்று. ஓட்டையோட போறதுக்கு வெறுந்தலையோட போகலாம்."

கீல்களைச் சுற்றிப் பென்சிலால் அடையாளம் போட்டுவிட்டு டெல்மர் கழற்றினார். மூன்று பேருமாகப் பானெட்டைத் தூக்கிப்போய், விருந்தாளி அறைக் கட்டிலில் பஞ்சுப்போர்வை விரித்துப் படுக்கவைத்தார்கள். மேலே ஒரு போர்வையும் போர்த்தினார் வெர்லீன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஓட்டினார், டெல்மர் பக்கத்தில் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியில் ஒரு பெரிய மேடு. எப்போதும் அதில் வெர்லீன் நிதானமாகத்தான் ஏறுவார். அன்றைக்கு மிதித்தார். வண்டி பின்னால் சாய்ந்து ஒரு தூக்குத் தூக்கியது. டெல்மரின் தொப்பி பின்சீட்டுக்குப் போனது. கண்ணெதிரே எஞ்சின் வெயிலில் மின்னிக்கொண்டு மூச்சு விடுவது தெரிந்தது. வெர்லீன் சிரிப்பை அடக்கி உதட்டை உள்ளுக்குள் மடித்துக்கொண்டார்.

சபை வாசலில் பாஸ்டர் எஸ்டில் கை கொடுத்துவிட்டு வண்டியைப் பார்த்தார். "சிஸ்டர், மேலே மூடி எங்கே?"

"வீட்டுல படுத்திருக்கு பாஸ்டர். அதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும்."

உள்ளே பாஸ்டர் மழைக்காக மனமுருகி ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. திறந்து கிடக்கிற எஞ்சினை நினைத்து டெல்மருக்கு அந்த ஆமென் தொண்டையில் நின்றது. வெர்லீன் முழங்கையால் இடித்தார். "ஆமென்," என்றார் டெல்மர். மனசுக்குள், வண்டி ஷெட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் பொறுத்தருளும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் புல்வெளியில் நீள மேசைகளில் பொரித்த கோழியும் பீன்ஸும் சோள ரொட்டியும் ஆறிக்கொண்டிருக்க, ஆண்கள் எல்லோரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். டெல்மர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் வெர்லீன் தொடங்கிவிட்டார்.

"உயரமான மேனிஃபோல்டு. ஒரு அங்குலம் கூட. மேட்டுல என்னமா இழுக்குது தெரியுமா!"

"இதை யார் மாட்டினது?" என்று யாரோ கேட்டார்கள்.

"டெல்மர்தான். அளந்து மாட்டினார்," என்றார் வெர்லீன். ராய்ஸ் கோழிக்காலோடு சபைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் சிரிக்க நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் டெல்மர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"வெர்லீன், கீறல் விழலைதான். ஆனா மூடவும் இல்லை. கீழே இனிமே யாரோடது?"

"என்னோடது," என்றார் வெர்லீன், யோசிக்காமல்.

டெல்மர் தலையை ஆட்டினார். நியாயம்தான் என்று பைபிளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்கே போறே? மேட்டு உச்சியில அது ரெண்டு தரம் இருமிச்சு. ஏன்?"

"கார்புரேட்டர்ல பெட்ரோல் விடற ஜெட் சின்னது. பெரிசு போடணும்."

"ஜெட்டுன்னா எது? காட்டு."

"இன்னைக்கு ஓய்வுநாள், வெர்லீன்."

"பார்க்கிறது வேலையில்ல," என்றார் வெர்லீன். நல்ல உடுப்போடு வண்டியின் முன்னால் குனிந்து, அவருக்கும் பக்கத்தில் இடம் விட்டுக்கொண்டு நின்றார்.