போத்தலில் போட்ட தீக்குச்சிகள்

போன வாரம் பெட்டாலிங் ஜெயாவில் தம்பி மகன் வீட்டில் பிறந்தநாள். கேக்கில் மெழுகுவத்தி நட்டாயிற்று, பற்றவைக்க வீட்டில் ஒன்றுமில்லை. அடுப்புகூட மின்சாரமாம். யாரோ காரில் போய் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தார்கள். உரசியதும் மூக்கில் ஏறியதே அந்தக் கந்தக வாசனை, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதுக் கிழவி கேக்கைப் பார்த்து ஏன் சிரிக்கிறாள் என்று பிள்ளைகள் முழித்தார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெண்கள் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். பத்தொன்பது வயது. புடவை கட்டியதால்தான் டீச்சர் என்று தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைக் கேட்டு நல்லபடி எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கிள்ளானில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்ஸ்பெக்டரு சரின்னா வேலைக்குப் போ. இல்லேன்னா கல்யாணத்துக்குக் கெளம்பு." மாப்பிள்ளை நல்லவர்தானாம். எனக்குத்தான் அவரைவிடக் கரும்பலகையைப் பிடித்திருந்தது.

அப்போது பொருட்பாடம் என்று ஒன்று உண்டு. உப்பு, சோப்பு, தேங்காய் என்று ஏதாவது ஒன்றை மேசையில் வைத்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். எனக்கு வாய்த்தது தீக்குச்சி. ஒரு வாரம் உருப்போட்டேன். அதுவோ அடைமழைக் காலம். ஒரு குச்சி பற்ற நாலு குச்சி வீணாகும். அம்மா குச்சியைத் தலைமுடியில் தேய்த்துக் காயவைத்துத்தான் அடுப்பு மூட்டுவாள். இன்ஸ்பெக்டர் முன்னால் அந்தக் கூத்து வேண்டாமென்று, புதுப்பெட்டி வாங்கி, குச்சிகளை மட்டும் வறுத்த அரிசியோடு ஒரு போத்தலில் போட்டு இறுக்கி மூடினேன். வெறும் பெட்டி எதற்கு என்று வீட்டிலேயே விட்டுவிட்டேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் போங்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து தலைமையாசிரியையோடு பின்வரிசையில் உட்கார்ந்தார். நான் மடைதிறந்த மாதிரி கொட்டினேன். "குச்சித் தலையில குளோரேட்டு, கந்தகம், பசை. பெட்டிப் பக்கத்துல சிவப்பு பாஸ்பரஸ், கண்ணாடித்தூள். உரசுற சூட்டுல துளி பாஸ்பரஸ் பத்தும். அந்தப் பொறியில குளோரேட்டு பிராணவாயுவ விடும், கந்தகம் பிடிச்சுக்கும், மெழுகு தோய்ச்ச குச்சி எரியும்." சொல்லிவிட்டு, ஒரு குச்சியை எடுத்துச் சிலேட்டில் இழுத்தேன். கோடுதான் விழுந்தது. சுவரில் இழுத்தேன். குனிந்து சிமெண்டுத் தரையில் இழுத்தேன். ஐந்தாவது குச்சி ஒடிந்தது. கிள்ளான் மாப்பிள்ளை கண்முன்னே வந்து நின்றார்.

முன்வரிசையில் ராசம்மா என்ற ஒன்பது வயதுப் பொடிசு கைதூக்கினாள்.

"பாஸ்பரஸ் பெட்டியிலதானே இருக்குன்னீங்க டீச்சர்? பெட்டி எங்க?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் நடத்திய பாடம் எல்லாருக்கும் புரிந்திருந்தது, என்னைத் தவிர. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, கோட்டுப் பையிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். அன்று காலைதான் சுருட்டுப் பிடிப்பதன் கேட்டைப் பற்றி எங்களுக்கு அரைமணி நேரம் பேசியிருந்தார். தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். குச்சி சர்ரென்று பற்றியது.

'பிள்ளைகள் தாமே சிந்திக்கும்படி பாடம் நடத்துகிறார்' என்று எழுதிவிட்டுப் போனார் மனுஷர். வெட்கமே இல்லாமல் அதை அப்பாவிடம் இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். வேலை நிரந்தரமாயிற்று. முப்பத்து மூன்று வருஷம் நிம்மதியாக உத்தியோகம் பார்த்தேன்.

அந்தப் பள்ளி நின்ற இடத்தில் இப்போது அடுக்குமாடி. பொருட்பாடமும் இல்லை, குச்சியைத் தலையில் தேய்க்கிறவர்களும் இல்லை. ராசம்மா மறுவருஷமே பள்ளியை விட்டுப் போய்விட்டாள். அவள் அப்பாவுக்குக் கேரித் தீவில் தோட்ட வேலை கிடைத்திருந்தது. விடைபெற வந்தவளிடம், "அங்க பள்ளிக்கூடம் இருக்காம்மா?" என்று கேட்டேன்.

"இருக்காம் டீச்சர். தம்பி போவான்."

அவள் அப்பா அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். நான் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.