உதட்டு மீன்களுக்கு ஊற்றிய தண்ணீர்

முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும் தடத்தில் பாதித் தூரம் வந்திருந்தேன். முதலாளி ஐயா திரும்பி வரும் பாதை அதுவல்ல; அதனால்தான் அதில் இறங்கினேன். தோளில் ஒரு போர்வை. உள்ளங்கை முழுக்கத் துருத்தி பிடித்த காய்ப்பு.

ஐயா கப்பல் வேலையிலிருந்து ஓய்ந்து, மலைமேல் மிளகுத் தோட்டம் வாங்கியவர். அவர் மனைவியை அம்மா என்போம்; அம்மாவுக்குக் கடற்கரை ஊர். கால் விழுந்து படுக்கையானபின் கடலைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை. ஐயா சமையல்கட்டுச் சுவரை ஒட்டி, அடுப்புச் சூடு படுகிற இடத்தில், சிமெண்டுத் தொட்டி கட்டி அம்மா கட்டிலை ஒட்டிய முன்பக்கம் கண்ணாடி பதித்தார். கடல் தண்ணீர் லாரியில் அடிவாரம் வந்தது. அதை டின்களில் மேலே சுமந்தவர்களில் ஒருவனாகப் போனேன். ஓரிடத்தில் மூன்று மாதம் தங்காத நான் அங்கே மூன்று வருடம் இருந்தேன்.

விரல் நீளத்தில் வந்த இரண்டு மீன்களும் முழங்கை நீளம் வளர்ந்துவிட்டன. பேர் தெரியாமல் உதட்டு மீன் என்போம். அம்மா கண்ணாடியில் விரல் வைத்தால், அந்தத் தடித்த உதடுகள் உள்ளிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு அம்மா இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார்.

கரண்டு இல்லாததால் கொல்லன் துருத்தியில் குழாய் மாட்டித் தண்ணீருக்குள் காற்று ஊதுவேன்.

“ஏனுங்க, மீனுக்கு ஊதறதுல பாதிய என்ற அடுப்புக்கு ஊதுனா சோறாச்சும் வேகுமுங்க,” என்பாள் சமையல்காரி.

ஐயா மருந்து வாங்கச் சேலம் போனவர், காய்ச்சலில் அங்கேயே படுத்துவிட்டார். நாற்பது நாள். தொட்டித் தண்ணீர் கண்ணாடியில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார். விடியுமுன் எழுந்து அவரே ஊற்றுவார், நான் பார்த்ததில்லை. வீட்டுப் பின்னால் சுனை இருந்தது. கடல் மீனுக்குச் சுனைத் தண்ணீர் ஊற்றுவது சோம்பேறித்தனம் என்று நினைத்து, தொட்டி கழுவும்போது மாற்றுவதற்காகத் தோட்டத்துக் கொட்டகையில் ட்ரம்களில் வைத்திருந்த கடல் தண்ணீரைத் தினமும் சுமந்து வந்து ஊற்றினேன்.

மீன்கள் இரை எடுக்கவில்லை. பிறகு சாய்ந்து நீந்தின. நான் துருத்தியை இன்னும் வேகமாக அமுக்கினேன். ஒன்று காலையில் செத்தது, மற்றது மத்தியானம்.

சமையல்காரி தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?”

சொன்னேன்.

“குழம்பு சுண்டுனா உப்பு அதுலயேதானுங்க நிக்கும்! அதுக்கு மேல உப்புத் தண்ணிய ஊத்துவாங்களா?”

அம்மா திட்டவில்லை. “தம்பி, கட்டில அந்தப் பக்கம் திருப்பிப் போடு,” என்றார். திருப்பினேன். அந்தப் பக்கம் வெறும் சுவர்தான். இரவுச் சோற்றை அவர் தொடவில்லை.

மறுநாள், ஐயா வந்துகொண்டிருப்பதாக ஓர் ஆள் வந்து சொன்னான். மீன்களை மிளகுக்கொடி அடியில் புதைத்துவிட்டு நான் கிளம்பிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்த நாள் காலை முள்ளுக்குறிச்சி டீக்கடையில், என்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். தண்ணீர் சுமப்பேன் என்றேன். கிணற்றிலிருந்து முதல் குடத்தைக் கொண்டுவந்து, எதில் ஊற்றட்டும் என்று கேட்டேன். இரண்டாவது குடத்துக்கும் கேட்டேன்.

“அண்டா கண்ணுக்குத் தெரியலீங்களா?” என்றார் கடைக்காரர்.

மூன்றாவது குடத்துக்கும் கேட்டுவிட்டுத்தான் ஊற்றினேன்.