கறுப்புத் திரையை வாசித்துச் சொன்னவள்

தெருவில் எல்லோரும் அவளை மருந்துக்கடை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் மாத்திரை அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருக்கும் ஆங்கிலப் பெயர்களை, இருட்டான அலமாரிச் சந்தில் நின்றபடியே வாசித்து எடுத்துக் கொடுப்பாள். வாக்கியமாக இருந்தால் மட்டும் தடுமாறுவாள். பெயர்கள் தனித்தனியாக நின்றால் அவளுக்குப் பயமில்லை. அவை ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தால் தலை சுற்றும்.

அவள் வீட்டுக்காரரைக் கலர்காரர் என்பார்கள். கார் பட்டறையில் நிறம் சேர்ப்பது அவர் வேலை. இடிபட்டு வரும் வண்டிக்கு ஒரு கதவை மட்டும் புதிதாகப் பூச வேண்டும்; அது மற்ற உடம்போடு ஒட்டிப்போக வேண்டும். வெயிலில் வெளுத்த வண்டிக்கு டப்பாவில் வரும் நிறம் உதவாது. ஒரு சொட்டுக் கறுப்பு, ஒரு சொட்டு மஞ்சள் என்று விட்டுக் கலக்கி, தகரத் துண்டில் பூசி, வாசலில் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். வெள்ளையிலேயே ஒரு குடும்பம் அளவுக்கு வெள்ளை உண்டு என்பார்.

ஒரு நாள் அவர் பூசிய வெள்ளைக் கதவு திரும்பி வந்தது. ஒட்டவில்லை. அப்புறம் இன்னொன்று. பட்டறை முதலாளி நல்ல மனிதர். முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. கலர்காரர் வீட்டுக்குப் போனபின் வேறொருவரை வைத்து மறுபடி பூசச் செய்தார். பல மாதம் அப்படியே ஓடியிருக்கிறது. தெரிய வந்த அன்று கலர்காரர் யாரிடமும் சொல்லாமல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். இடது கண் ஏற்கெனவே போயிருந்தது. வலது கண்ணில், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மீதி.

அதற்குப் பிறகு அவர் பகலெல்லாம் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவள் கடைக்குப் போகும்போது எப்படி இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே. கேட்டதற்குப் பதில் வரும். கேட்காமல் ஒரு வார்த்தை வராது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது, அப்பாவுக்கு என்னதான் வேண்டும் என்று விடாமல் கேட்டாள். கலர்காரர் யோசித்துவிட்டு ஒரு விளையாட்டைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்பு, பட்டறை ஆபீசில் இருந்த கறுப்புத் திரைக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்து ஆடியது. படமே கிடையாது, வெறும் எழுத்து. ஆளில்லாத கப்பலில் நீ ஒருவன் மாட்டிக்கொண்டிருக்கிறாய். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறுகிறது. அறை அறையாகத் தேடி வெளியேற வேண்டும். வடக்கே போ, கதவைத் திற என்று தட்டினால், என்ன நடந்தது என்று திரை எழுதிக் காட்டும். கண் இல்லாதவனுக்கு அதைவிட நல்ல விளையாட்டு எது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மகள் தேடிப் பிடித்தாள். அது டாஸ் என்ற முறையில் ஓடிய பழைய கம்ப்யூட்டர்களின் விளையாட்டு. ஃபோனுக்கு அந்த பாஷை தெரியாது. அதனால் எமுலேட்டர் என்று ஒன்றை அம்மாவின் ஃபோனில் போட்டாள். ஃபோன் தன்னைப் பழைய கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் என்றாள். எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் வசதியும் ஃபோனில் இருந்தது. ஆனால் எமுலேட்டர் காட்டுவது ஃபோனுக்கு எழுத்து அல்ல, வெறும் படம். மற்றதெல்லாம் கிளிப்பிள்ளைபோல் ஒப்பித்த குரல், அந்தக் கறுப்புத் திரை வந்ததும் வாயடைத்துப்போனது.

"யாராவது படிச்சுக் காட்டினாத்தான்மா உண்டு" என்று சொல்லிவிட்டு மகள் ஊருக்குப் போய்விட்டாள்.

யாராவது என்றால் அந்த வீட்டில் வேறு யார்?

கடை விட்டு வந்து முகம் கழுவியதும் அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்காருவாள். ஃபோனின் தட்டச்சுப் பலகை பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் எழுத்துகள் பொடிப்பொடியாக நிற்கும். தெரியாத ஆங்கில வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வாள். அவர் அர்த்தம் சொல்வார். பிறகு இருவருமாகச் சேர்த்து வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துவார்கள். பாதியில் யாராவது ஃபோன் செய்தால் எமுலேட்டர் மூடிக்கொள்ளும். முன்னாடியே சேமித்து வைக்காவிட்டால் போனது போனதுதான்.

"இத்தனை வருஷமா நான் ஒண்ணு சொன்னா நீ வேற செய்வ. இப்ப பாரு, வடக்கேன்னா வடக்கே போற" என்றார் அவர் ஒரு நாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

அறைகளை எல்லாம் அவர் மனதிலேயே கட்டி வைத்திருந்தார். சமையலறைக்குப் பின்னால் ஏணி, ஏணிக்குக் கீழே கரி அறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு குறைதான். கதவு என்ன நிறம் என்று கேட்பார். அதெல்லாம் எழுதவில்லை என்பாள் அவள். அப்போது அவரே ஒரு நிறத்தைப் பூசிக்கொண்டு மேலே நடப்பார்.

மழைக்காலம் தொடங்கியபோது மறுபடி டாக்டரிடம் போனார்கள். இனி சொட்டு மருந்தாலும் பயனில்லை, இருக்கிற வெளிச்சமும் சில மாதம்தான் என்று டாக்டர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார். கண் போனவருக்குக் காது போகவில்லை என்பது டாக்டருக்குத் தோன்றவில்லை.  வீட்டுக்கு வந்ததும் கலர்காரர் ஃபோனை எடுக்கச் சொன்னார்.

அன்று அவர் கேட்ட திசைகளில் எல்லாம் தண்ணீர் இருந்தது. மூன்றாவது கதவைத் திறந்ததும் திரையில் இரண்டே வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாத சின்ன வார்த்தைகள். நீ மூழ்கிவிட்டாய். நீ இறந்துவிட்டாய்.

அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக் காத்திருந்தார்.

"முழங்கால் அளவு தண்ணி. அதோட நின்னுடுச்சு" என்றாள் அவள்.

அன்று ஆரம்பித்ததுதான். மறுநாள் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம் என்று பார்த்தால், சேமித்தது எங்கோ தொடக்கத்தில் இருந்தது. அவர் செத்ததைச் சொல்லாமல் அங்கே திரும்பிப் போக முடியாது என்பதால் அவளே கப்பலைக் கட்ட ஆரம்பித்தாள். மருந்து எடுத்துக் கொடுக்கும் இடைவெளியில் அன்றைய அறையை யோசித்து வைப்பாள். கேப்டனின் அறை, அதில் ஒரு பூட்டிய பெட்டி, பெட்டிக்குள் ஒரு கைக்கண்ணாடி. அவர் சொல்லும் திசையை அணைந்த திரையில் சும்மா தட்டுவாள். அவர் முகம் தெளிவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தைரியம் கூடியது. அவருக்குப் பிடிக்குமே என்று நிறங்களையும் சேர்த்தாள்.

"பெட்டி நீலமாம்" என்றாள்.

"எந்த நீலம்?"

"நம்ம பழைய தண்ணி டிரம் இருந்துச்சே, அந்த மாதிரி."

கப்பல் விளையாட்டுக்கு அவர்கள் வீட்டு டிரம் எப்படித் தெரியும் என்று, சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.  

"நான் எப்ப செத்தேன்?" என்றார் அவர்.

அவள் ஃபோனை மடியில் கவிழ்த்தாள். "டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோமே, அன்னைக்கு."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "பட்டறையில எனக்குத் தெரியாம மாத்திப் பூசினாங்க. டாக்டர் உன் காதுல சொல்றாரு. நீ ஒருத்தியாவது பூசி மெழுகாம, இருக்கிறதை அப்படியே சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் மனம் கோணக் கூடாது என்றுதான் செய்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தவள், முதலாளியும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று தோன்றவே அடக்கிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மிச்ச வெளிச்சமும் போய்விட்டது. ஒரு காலையில், விடிந்துவிட்டதா என்று கேட்டார். வெயில் அவர் மடியில் விழுந்து கிடந்தது. விடிந்து வெகு நேரமாகிறது என்று சொன்னாள். அன்றிலிருந்து எதையும் மறைப்பதில்லை என்று தனக்குத்தானே முடிவு செய்துகொண்டாள். சட்டையில் கறை இருந்தால் சொன்னாள். தாடி ஒரு பக்கம் தூக்கலாக நிற்கிறது என்றாள். அவருடைய அண்ணன் பார்க்க வந்தபோது கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக்கூடச் சொன்னாள். அதற்கு அவர் எரிந்து விழுந்தார். மகள் ஃபோனில், அப்பா விளையாடுகிறாரா, கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அவள் நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் மகள் அழுதாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டாள். இரண்டையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

கடைக்கு விடுமுறையான ஒரு பிற்பகல், அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அதைத் திற. மொதல்ல இருந்து."

அவள் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பழைய அறைகள் அவருக்கு மனப்பாடம் என்பதால் விறுவிறுவென்று கடந்தார்கள். கரி அறைக்குக் கீழே, இதற்கு முன் இறங்காத ஓர் ஏணியில் கால் வைத்ததும் திரை நின்றது.

"செத்துட்டீங்க" என்றாள்.

"எதனால?"

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அந்த ஏணியில் ஒரு படி உடைந்திருந்ததாம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய கை கட்டில் விரிப்பின் மேல் துழாவி அவள் முழங்கையைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் கிடந்தது. 

இப்போதும் வாரத்தில் சில மாலைகள் ஆடுகிறார்கள். அவர் அடிக்கடி சாகிறார். அவள் ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். சில நாள் அதற்குமேல் முடியாமல் அவரே போதும் என்று ஃபோனை வைக்கச் சொல்லிவிடுவார். அவள் எழுந்துபோய் விளக்கைப் போடுவாள்; அவளுக்கு மட்டும் அது தேவை.