லேசான துப்பாக்கியின் உதை

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் டெங்கில் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் அப்பா கிராணியாக, கணக்கு எழுதுபவராக, இருந்தார். இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்ததால், பன்றி சுடும் லைசென்ஸும் அவர் பேரில்தான் இருந்தது. பழைய துப்பாக்கியைச் சுமந்து நடக்க முடியவில்லை என்று லேசாக ஒன்று வாங்கினார். முதல் வெடியிலேயே தோள் கன்றிப்போய் நீலமானது. லேசான துப்பாக்கி அதிகமாக உதைக்கும் என்று கடைக்காரர் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

அதன்பிறகு பன்றிகளுக்கு நல்ல காலம். அப்பா தோட்டாவைக் குறை சொன்னார், மழையைக் குறை சொன்னார். ஒருநாள் குறி தாழ்ந்து, கூடப் போன காவல்காரரின் காலடி மண் பறந்தது. காவல்காரர் அதை எங்கள் வீட்டில் வேடிக்கையாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. கிள்ளானிலிருந்த தன் அண்ணனுக்கு அன்றே சொல்லி அனுப்பினார்.

மாமா லோரி ஓட்டுபவர்; சீன நண்பர்களோடு வேட்டைக்குப் போய்ப் பழகியவர். ஞாயிற்றுக்கிழமை வந்தவர், ஒரு மண்மேட்டின் முன்னால் பிஸ்கட் டின்னை வைத்து, தோட்டாவைத் தானே போட்டுக் கொடுத்து அப்பாவைச் சுடச் சொன்னார். இரண்டு முறை வெடித்தது, டின் அசையவில்லை. மூன்றாவது முறை ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. ஆனால் அப்பாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன, தோள் குலுங்கியது, குழல் தரையைப் பார்த்தது. மாமா போட்டிருந்தது ஏற்கெனவே வெடித்த வெற்றுத் தோட்டா.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“துப்பாக்கி மேல தப்பு இல்ல மாப்ள. வெடிக்கறதுக்கு முன்னயே ஒடம்பு பயந்துக்குது. எனக்கும் இருந்துச்சு லா,” என்றார் மாமா.

பிறகு துப்பாக்கியின் அடிக்கட்டையைத் துளைத்து ஈயம் இறக்கினார். அம்மா ஒரு ரப்பர் சிலிப்பரை வெட்டி, கித்தான் துணியில் வைத்துத் தைத்து அதன் முனையில் மாட்டினார். லேசு என்று வாங்கியதைப் பாடுபட்டுக் கனமாக்கினோம். இனி நிஜத் தோட்டாவையும் வெற்றுத் தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பழக வேண்டும், எது உள்ளே இருக்கிறதென்று சுடுகிறவருக்குத் தெரியக் கூடாது என்றார் மாமா. வாரா வாரம் தானே வருவதாகவும் சொன்னார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

“நீயே போடு,” என்றார் அம்மாவிடம்.

மூன்று வாரம் சாயங்காலங்களில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்ள, அம்மா தோட்டா போட்டார். பெரும்பாலும் ‘டிக்’தான். கண் மூடியதா, குழல் தாழ்ந்ததா என்று அம்மா மெதுவாகச் சொல்வார். அலுவலகத்தில் யார் குறை சொன்னாலும் சீறுகிற அப்பா, அதற்கு மட்டும் தலையாட்டுவார்.

ஒரு சாயங்காலம் டின் துள்ளிப் பறந்தது. அப்பா துப்பாக்கியை மடித்துத் திறந்ததும் நான் ஓடிப் போய் டின்னை எடுத்தேன். உடம்பெல்லாம் ஓட்டை. தூக்கிக் காட்டினேன்.

“இந்தத் தடவ கண்ண மூடல,” என்றார் அம்மா.

அப்பா டின்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நாள் பாடுபட்டு அடித்ததை ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.