நிமிர்ந்து நிற்க ஒரு குழி

எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள். ஜேசிபிக்காரன் வாசலோடு தோண்டிப் போட்டுவிட்டுப் போனவன்தான், ஆளையே காணோம். வீட்டைவிட்டு இறங்க ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். என்னை மாதிரி ரிட்டயர்டான பொம்பளை ஒருத்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஆடி ஆடிப் போவதைப் பார்க்க எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நேற்றைய மழையில் குழியிலிருந்து ஈரமண் வாசனை கிளம்பியது. மண்வாசனை என்றால் மற்றவர்களுக்குக் கவிதை வரும். எனக்கு, மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைக்க என்றுதான் வரும்.

எல்லாம் என் வீட்டுக்காரரால் வந்தது. பட்டாளத்துக்காரர். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் போட்டோ வந்தது. யூனிபார்மில் ஆறடி ஆள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. எனக்கு அதிலேயே பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. அந்தப் போட்டோ எடுத்ததற்கு அப்புறம்தான் அவர் வடக்கே எல்லைக்குப் போனார் என்பதை யாரும் சொல்லவில்லை. மணவறையைச் சுற்றி வரும்போது குனிந்து குனிந்து வந்தார். ஐயோ பாவம், கூச்சம்போல என்று நினைத்தேன். மறுவீட்டுக்குப் போகும்போதும் அதே குனிவு. கழுத்தை உள்ளே இழுத்து, முதுகை வளைத்து, தரையைப் பார்த்தே நடக்கிறார் மனுசன். பீடி பிடித்தால்கூட நெருப்பு வெளியே தெரியாமல் உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்வார்.

நான் அப்போதுதான் தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அவர் பட்டாளத்தை விட்டு வந்துவிட்டதால் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வருவார். "நிமிந்து நடங்களேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். இரண்டு எட்டு நிமிர்வார், பிறகு பழைய கதைதான். ஒருநாள் டைப்பிஸ்ட் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு கீழ என்னத்த தேடுதாரு?" என்றாள்.

"ஊசியத் தொலைச்சிட்டாரு, தேடுதாரு" என்றேன் நான்.

ஆபீசே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். எங்கள் ஊருக்கு இது போதாதா? ஒரே வாரத்தில் அவர் 'ஊசி மிலிட்டரி' ஆகிவிட்டார். இங்கே ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கொண்டால் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கிறவரை போகாது. அந்த வருடம் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன். யாரோ ஒரு தெரிந்தவள் எதிரே வந்து, "தனியாவா வந்திய?" என்றாள். "ஆமா" என்றேன். பின்னால் பையோடு நின்றுகொண்டிருந்தவர் காதில் அது விழத்தான் செய்தது. பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

புளியங்குடி ரோட்டில் எங்களுக்குக் கொஞ்சம் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. கிணற்றிலிருந்து கன்றுகளுக்குக் குழாய் போடவேண்டும் என்று அவரே மண்வெட்டியோடு போனார். குழாய்க்கு முழங்கால் ஆழம் தாராளம். மத்தியானம் சோறு கொண்டுபோனால் ஆளைக் காணோம். குழிக்குள்ளிருந்து மண் மட்டும் பறந்து வந்து விழுகிறது.

"என்ன, கெணறா வெட்டுதிய?"

"எறங்கி வாட்டி."

சேலையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். உள்ளே அவர் நேராக நின்றார். போட்டோவில் நின்ற மாதிரி. நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"அங்கன எல்லையில பதுங்குகுழிய நெஞ்சாழத்துக்கு மேல வெட்ட முடியல. கீழ பூரா பாறை. அதுக்குள்ளதான் தின்னுதது, தூங்குதது எல்லாம். கால் தண்ணியில ஊறி தோலு உரிஞ்சி வரும். தலைய மட்டும் தூக்கப்பிடாது."

நான் தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கூட ஒருத்தன் இருந்தான், என்னய மாதிரி நெட்டையன். ஒருநாள் காலம்பற, முதுகு விட்டுப்போச்சுன்னு நிமிந்தான். ஒரு கொட்டாவி விடுத நேரந்தான். என் மேலயே விழுந்தான்." சோற்றை வாங்கி மண்ணில் உட்கார்ந்தபடி, "நீ நிமிந்து நடங்கன்னு சொல்லும்போதுலாம் அவன்தான் ஞாபகத்துக்கு வருதான்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஊறுகாய் கேட்கிற மாதிரி சொன்னார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத வாய், வேறு எதையாவது பேசித்தானே ஆகவேண்டும்? பாத்திரத்தை வாங்கிக்கொண்டு மேலே ஏறியதும் சொன்னேன்: "குழிய மூடிருங்க. ஆடு கீடு விழுந்து தொலைக்கப் போவுது."

இப்போது அவரும் இல்லை. தோட்டம் பிளாட்டாகி, வீடுகள் வந்து, எலுமிச்சை நின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. குனிந்து நடந்தே பழகிய அந்த மனுசன் நிமிர்ந்து நின்று நான் பார்த்த இடம் அந்தக் குழி ஒன்றுதான். அது அன்றைக்குச் சாயங்காலமே இல்லாமல் போய்விட்டது. "சரி" என்று ஒரு சொல்தான் சொன்னார். அவரே மண்ணைத் தள்ளி, முழங்கால் ஆழம் மட்டும் விட்டு, மூடிவிட்டு வீட்டுக்கு வந்தார்.